கைராசியக்காவின் இடது கை

மாடிப்படிக்கு அடியில் மிச்சமாகிற முக்கோண இடத்தை யாரும் ஒரு இடமாகவே மதிப்பதில்லை. துடைப்பமும் ஓட்டை வாளியும் கிடந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். அந்தச் சந்தைக் கட்டடத்தில் அப்படியொரு முக்கோணத்துக்குள் ஒரு மனுஷி வருடக்கணக்காக உட்கார்ந்து லாட்டரிச் சீட்டு விற்கிறார். தலைக்கு மேல் நாள் முழுக்கச் செருப்புச் சத்தம். முன்னால் பலகைத் தடுப்பு. தடுப்பில் ஒரு ஓட்டை. ஒரு கை உள்ளே போய்ச் சீட்டோடு வெளியே வரலாம், அவ்வளவுதான். உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவரின் சட்டைப் பொத்தான்தான் தெரியும். முகம் காட்ட வேண்டுமென்றால் வந்தவர் குனிய வேண்டும். குனிந்தார்கள் ஐயா, எல்லோரும் குனிந்தார்கள். நீதிபதி முன்னாலேயே விறைப்பாக நிற்கிற மூன்றாம் மாடி வக்கீல்கூட அந்த ஓட்டைக்கு முன்னால் இடுப்பை மடித்தார்.

காரணம் அக்காவின் வலது கை. பல வருடங்களுக்கு முன் அந்தக் கை கிழித்துக் கொடுத்த ஒரு சீட்டுக்கு முதல் பரிசு விழுந்தது. வாங்கியவர் யாரோ ஒரு வழிப்போக்கர். பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டு வந்தார். “சும்மா சில்லறை தர இது என்ன பேங்கா? சீட்டு வாங்குங்க, தர்றேன்” என்று அக்கா முரண்டு பிடித்ததால் முணுமுணுத்துக்கொண்டே ஒன்று வாங்கினார். பரிசு விழுந்த பிறகு அந்த மனிதர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் வரிசை வாசல்வரை நின்றது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் கைராசியக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

அவருக்கு அதில் நம்பிக்கை உண்டா? கேட்டால் சிரிப்பார். “என் கையில ராசி இருந்தா நான் ஏன் படிக்கட்டுக்கு அடியில உக்காந்திருக்கேன்?” என்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கைக்கு எண்ணெய் தடவுகிற நாளில் வலது கைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தடவுவார். மனுஷி தானே!

வரிசை நின்றது கைக்காக மட்டும் இல்லை. அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. சீட்டைக் கிழித்து நீட்டுவார், ஆனால் விடமாட்டார். ஒரு முனை வாங்குபவர் விரலில், மறுமுனை அக்கா விரலில். “விழுந்தா என்ன செய்வீங்க?” பதில் சொன்னால்தான் பிடி தளரும்.

கண்ணாடி துடைப்பவர் ஒருவர் வருவார். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஜன்னல் துடைக்கிறவர். “அந்தக் கட்டடத்தையே வாங்குவேன்க்கா. வாங்கிட்டு ஒரு ஜன்னலைக்கூடத் துடைக்க மாட்டேன். அழுக்கேறிக் கிடக்கட்டும்” என்பார். நர்ஸ் ஒருத்தி வருவாள், கண்ணுக்குக் கீழே எப்போதும் கறுப்பு வளையத்தோடு. “தூங்குவேன்க்கா. யார் எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டேன்.” ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர். அவர் குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்து, ரகசியமாகச் சொல்வார். “யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்மா. அடுத்த வாரமும் இதே வரிசையில வந்து நிப்பேன். யாருக்கு விழுந்துச்சு, யாருக்கு விழுந்துச்சுன்னு எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிறதைப் பக்கத்துலயே நின்னு வேடிக்கை பார்ப்பேன்.”

லாட்டரி வாங்குகிறவனுக்குக் கணக்குத் தெரியாது என்று சிலர் வாய் கூசாமல் சொல்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணக்குப் பார்த்தே காலத்தை ஓட்டிய அந்த மனிதருக்குத் தெரியாத கணக்கா? விழாது என்று எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை சீட்டு வாங்கினால் சனிக்கிழமை மாலைக் குலுக்கல்வரை அது சட்டைப்பையில் இருக்கும். அதுவரை மேஸ்திரி திட்டினாலும், வீட்டுக்காரன் முறைத்தாலும், ‘இருடா, சனிக்கிழமை வரட்டும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம். ஜனங்கள் வாங்கினது அந்த ‘இருடா’வைத்தான். அக்கா அதைப் புரிந்துகொண்டவர். அதனால்தான் கேள்வியைக் கேட்டு அவர்கள் வாயாலேயே கனவைச் சொல்லவைத்து அனுப்பினார். வாரா வாரம் கேட்ட பதிலையே கேட்டாலும் முதல்முறை கேட்பதுபோல “அட!” என்பார். அது நடிப்பு இல்லை.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு சீட்டுதான். “ரெண்டாவது சீட்டு முதல் சீட்டோட ராசியைத் தின்னுடும்” என்று ஒரு போடு போட்டார். அவராகவே கட்டிவிட்ட கதை. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொட்டுகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேறு வழி தெரியவில்லை. “உங்க காசு வீட்டுக்குப் போகட்டும்” என்று புத்தி சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ராசி போய்விடும் என்றால் பேசாமல் போவார்கள். கடை முதலாளி முதலில் குதித்தார். பிறகு வரிசையின் நீளத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

படிக்கட்டின் மறுபக்கம் சாவிக்காரர் இருந்தார். ஊருக்கெல்லாம் பூட்டுக்குச் சாவி வெட்டிக் கொடுக்கிறவர். அவர் கடைக்குக் கதவே கிடையாது! மூன்று பக்கம் சுவர், முன்னால் ஒரு தார்ப்பாய். அதனால் தினமும் மாலையில் சாவி வெட்டுகிற மிஷினைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் வைத்துக் கட்டி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார், காலையில் திரும்பத் தள்ளிக்கொண்டு வருவார். அக்காவின் கேள்விக்கு அவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான். “கதவு வெச்ச ஒரு கடை, தங்கச்சி. மிஷினை உள்ள வெச்சுப் பூட்டிட்டுக் கையை வீசிக்கிட்டு வீட்டுக்குப் போவேன்.”

தங்கமான மனிதர். படிக்கட்டில் எதிரே யார் வந்தாலும் சுவரோடு ஒட்டி நின்று “நீங்க போங்க” என்பார். பஸ்ஸில் ஏறும்போது “நீங்க போங்க” என்று சொல்லிச் சொல்லியே பஸ்ஸை விட்டுவிடுவார். கட்டடத்தில் பாதிப் பேர் அவரை ‘நீங்கபோங்க’ என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் கோபம் வந்ததில்லை.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். வரிசையில் சாவிக்காரர் முதல் ஆள். அக்கா சீட்டுக் கட்டை எடுத்தாயிற்று. அவருக்குப் பின்னால் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அக்காவுக்கு முகம் தெரியாது, சத்தம்தான் கேட்டது. “அண்ணே, குழந்தை கத்துது. அவங்களை முதல்ல விட்டுடுங்களேன்” என்றார். சாவிக்காரர் ஏற்கெனவே பாதி நகர்ந்துவிட்டார். “நீங்க போங்கம்மா.” அந்தப் பெண் ஒரு சீட்டு வாங்கினாள். கட்டில் அடுத்த சீட்டு சாவிக்காரருக்கு.

சனிக்கிழமை குலுக்கலில் இரண்டாம் பரிசு அந்தப் பெண்ணின் சீட்டுக்கு விழுந்தது. கதவு வைத்த கடை ஒன்றைத் தாராளமாக வாங்கலாம், அவ்வளவு பெரிய பரிசு. சாவிக்காரரிடம் இருந்தது அதற்கு அடுத்த எண்.

நூலிழையில் போயிற்று என்று எல்லோரும்தான் சொல்வார்கள். இவர் விஷயம் வேறு. அந்தச் சீட்டு அவருக்கு வர வேண்டிய சீட்டுதான். ஒரு அடி நகராமல் நின்றிருந்தால் போதும். அதை மறுத்துப் பேச யாராலும் முடியாது. போதாக்குறைக்கு முதலாளி தலைகால் புரியாத சந்தோஷத்தில் பெரிய துணிப் பதாகை ஒன்றை எழுதி மாட்டினார். ‘மீண்டும் பரிசு! மீண்டும் கைராசி!’ அது தொங்கியது சரியாகச் சாவிக்காரரின் கண்ணுக்கு எதிரே. பாவி மனுஷன் வேறு இடம் பார்த்திருக்கக் கூடாதா?

சாவிக்காரர் மாறிப்போனார். படிக்கட்டில் நடுவில் ஏறினார். எதிரே வந்த ஓய்வுபெற்ற கணக்கரைத் தோளால் இடித்துவிட்டு நின்றுகூடப் பார்க்கவில்லை. வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு அழுகையோடு வந்த ஒரு பெண்ணை “வரிசையில நில்லு” என்று விரட்டினார். வரிசையில் அவளைத் தவிர யாரும் இல்லை! அடுத்த வாரம் சீட்டு வாங்க வந்தபோது அக்கா வழக்கம்போல ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “விழுந்தா என்ன செய்வீங்க அண்ணே?” சாவிக்காரர் குனியவே இல்லை. சட்டைப் பொத்தான் பேசியது. “சீட்டை விடு.”

 அக்கா வீட்டில் கணவரிடம் சொல்லிப் புலம்பினார். அவர் ஒரு அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர், ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் அசராதவர். “நீ குடுத்தது சீட்டுதானே, சாபமா குடுத்தே?” என்றார். அக்காவுக்கு அது ஆறுதலாக இல்லை. விட்டுக்கொடுக்கச் சொன்னது தன் வாய். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சும்மா இருந்திருந்தால் குழந்தை அழுதுகொண்டே நின்றிருக்கும். எப்படிப் பார்த்தாலும் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை, அதுதான் அவரை இன்னும் வாட்டியது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் சாவிக்காரர் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்து முதலில் நின்றார். ஓட்டை வழியாக ஒரு கற்றை நோட்டு உள்ளே வந்தது.

“தங்கச்சி, ஒரு கட்டு முழுசா குடு.”

“ஆளுக்கு ஒண்ணுதானே அண்ணே.”

“அந்தக் கதையெல்லாம் மத்தவங்களுக்கு. எனக்கு வர வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. அது உனக்கே தெரியும்.”

அக்கா நோட்டைத் தொடவில்லை. “ஏது இவ்வளவு?”

“மிஷினுக்கு அட்வான்ஸ். சாயங்காலம் வந்து எடுத்துக்குவாங்க.”

மிஷினை விற்கிறாராம்! அது போனால் இந்த மனிதர் எதை வைத்துப் பிழைப்பார்?  அக்கா உண்மையைச் சொல்லிப் பார்த்தார். “அண்ணே, சத்தியமா சொல்றேன், என் கையில ஒண்ணுமே இல்லை. முதல்ல விழுந்தது நான் சில்லறைக்கு முரண்டு பிடிச்சதால. ரெண்டாவது விழுந்தது குழந்தை அழுததால. ராசியும் இல்லை, மண்ணும் இல்லை.”

வரிசை இதைக் கேட்டுக் கொஞ்சமும் அசரவில்லை. “அக்காவுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க” என்றார் வக்கீல். நம்புகிறவனிடம் இல்லை என்று சொன்னால் இன்னும் நம்புவான், இது ஒரு வேடிக்கை.

அக்கா வேறு வழி பார்த்தார். ஓட்டையில் வாயை வைத்து வரிசையைப் பார்த்துக் கத்தினார். “இங்க யாருக்கெல்லாம் நூலிழையில போயிருக்கு?”

அவ்வளவுதான், சந்தைக்கடை ஆகிவிட்டது. “எனக்குப் போன மாசம் கடைசி எண் மட்டும்தான் தப்பு!” என்றார் கண்ணாடி துடைப்பவர். “என்னோடது முன்னும் பின்னும் மாறி வந்துச்சு” என்றார் கணக்கர். நர்ஸ் சீட்டு வாங்காமல் விட்ட வாரத்தில் அவளுடைய பிறந்த தேதியே விழுந்ததாம். யாருடையது அதிகம் கிட்டே வந்தது என்று கணக்கரும் வக்கீலும் சண்டைக்கே போய்விட்டார்கள். பார்த்தீர்களா, எல்லோருக்கும்தான் நூலிழையில் போகிறது என்று காட்ட நினைத்தார் அக்கா.

சாவிக்காரர் திரும்பி நின்றார். “உங்களுக்கெல்லாம் நம்பர்தான் தப்பிப்போச்சு. நான் விட்டுக்குடுத்தேன். என் இடத்தை நானே விட்டுக்குடுத்தேன். விட்டுக்குடுத்ததாலதான் போச்சு. இத்தனை வருஷமா எல்லாத்துலயும் நீங்க போங்க, நீங்க போங்கன்னு நின்னதுக்கு எனக்குக் கிடைச்சது இதுதான். இனிமே ஒருத்தனுக்கும் விட மாட்டேன்.”

 அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. மிஷின் போவது மட்டும் இல்லை, இந்த மனிதரே போய்க்கொண்டிருக்கிறார்.

வரிசைக்குப் பக்கத்தில் நின்ற முதலாளி பொறுமை இழந்தார். “குடும்மா! காசோட வர்றவனைத் திருப்பி அனுப்பவா உன்னை உக்கார வெச்சிருக்கேன்? முடியலைன்னா எந்திரி, நானே குடுக்கறேன்.”

“உங்க கையால யாருக்கய்யா வேணும்?” என்றார் கண்ணாடி துடைப்பவர். வரிசை கொல்லென்று சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் அக்காவுக்கு வழி தெரிந்தது. நாற்காலியில் கொஞ்சம் எழும்பினார். வலது கையை அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். இடது கையால் சீட்டுக் கட்டை எடுத்து ஓட்டைக்கு வெளியே நீட்டினார்.

“இந்தாங்க அண்ணே. எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கங்க.”

சாவிக்காரர் சுடுதண்ணீர் பட்டதுபோலப் பின்வாங்கினார். “வலது கையால குடு.”

“அதை உக்கார வெச்சாச்சு. நீங்க அந்த அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்கிற வரைக்கும் எந்திரிக்காது. உங்களுக்கு மட்டும் இல்லை, இங்க ஒருத்தருக்கும் வலது கையால சீட்டு கிடையாது.”

ஐயோ, அப்போது எழுந்த கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும்! வக்கீல் வாதாடினார். கணக்கர் கெஞ்சினார். “என் வயித்துல அடிக்கிறியே” என்று முதலாளி தலையில் கைவைத்தார். அடிபடப் போவது தன் வயிறும்தான் என்று அக்காவுக்குத் தெரியாதா? இடது கைச் சீட்டை ஒருவரும் தொடமாட்டார்கள். வரிசை கலைந்தால் நாளைக்கு இந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அடியில் கை மரத்துப்போய்க்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

“அந்தக் குழந்தைக்காரியை முன்னாடி விடச் சொன்னது நான்தான்” என்றார். “திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க, நாள் முழுக்கத் திட்டுங்க. ஆனா நீங்க அன்னிக்குச் செஞ்சது தப்புன்னு மட்டும் நினைக்காதீங்க அண்ணே. நீங்க அப்படி நினைச்சா என்னால தாங்க முடியாது.”

 சாவிக்காரர் போகவில்லை. ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றார், நோட்டுக் கற்றை கையில். நேரம் போய்க்கொண்டிருந்தது. மேலே செருப்புகள் ஏறி இறங்கின. அப்போது பின்னாலிருந்து நர்ஸ் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள்.

“அண்ணே, எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு. கொஞ்சம்...”

அவள் முடிக்கவில்லை. “நீங்க போங்கம்மா” என்றபடி சாவிக்காரர் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே தெரிந்தது. வாய் சொல்லிவிட்டது, கால் நகர்ந்துவிட்டது, அவரைக் கேட்கவே இல்லை. வரிசை முழுக்க அவரையே பார்த்தது. அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார், யாரோ அவற்றை அங்கே கொண்டுவந்து வைத்ததுபோல. கணக்கர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். சாவிக்காரர் நோட்டுக் கற்றையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று அந்தச் சின்ன ஓட்டை வழியாக அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா அழுதுகொண்டிருந்தார், அது மட்டும் எனக்குத் தெரியும்.

அட்வான்ஸ் திரும்பிப் போகிறவரைக்கும் என்று அக்கா போட்ட சபதம் என்ன ஆயிற்று? கை தானாகவே வெளியே வந்துவிட்டது. மரத்துப்போய்ச் சீட்டைக் கிழிக்க வரவில்லை. உதறினார், ஊதினார். நர்ஸ் ஷிஃப்டை மறந்து பொறுமையாகக் குனிந்து நின்றாள். “தூங்குவேன்க்கா” என்றாள், கேட்பதற்கு முன்னாலேயே.

அன்று மத்தியானத்துக்குள் சாவிக்காரர் திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு சீட்டுக்கான காசோடு. அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேரை முன்னால் விட்டுவிட்டுத்தான் தன் முறைக்கு வந்தார். அக்கா வலது கையால் சீட்டை நீட்டி, முனையைப் பிடித்துக்கொண்டார்.

“விழுந்தா என்ன செய்வீங்க அண்ணே?”

சாவிக்காரர் நன்றாகக் குனிந்தார். முழு முகமும் தெரிந்தது, சிவந்த கண்களோடு. “கதவு வெச்ச ஒரு கடை, தங்கச்சி. கதவுக்கு ரெண்டு சாவி வெட்டுவேன். ஒண்ணு உன்கிட்ட இருக்கும்.”

“அட!” என்றார் அக்கா. பிடியை விட்டார்.

சனிக்கிழமை விழுந்த எண்ணுக்கும் அவர் சீட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரு எண்கூடக் கிட்டே வரவில்லை. மனிதர் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கட்டடம் முழுக்கச் சுற்றினார். “பாருங்க, எல்லாமே தப்பு! மொத்தமா தப்பு!” இவ்வளவு நிம்மதியாகத் தோற்றவரை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை தன் பதிலைச் சொன்ன பிறகும் அவர் சீட்டை இழுத்துக்கொள்ளாமல் தன் முனையைப் பிடித்தபடியே நின்றார். “ஆமா தங்கச்சி, உனக்கு விழுந்தா நீ என்ன செய்வே?”

 இத்தனை வருடத்தில் அக்கா ஒரு சீட்டும் வாங்கியதில்லை. எத்தனையோ பேரை அந்தக் கேள்வி கேட்டிருக்கிறார். அவரை யாரும் கேட்டதில்லை. “எனக்கென்ன அண்ணே, போங்க” என்று சிரித்து மழுப்பினார். ஆனால் அன்று முழுக்க அதே யோசனை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். வீடு, நகை, ஊர் சுற்றுவது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை.

மறுநாள் காலையில் தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்த சாவிக்காரரிடம் போய் வெட்கத்தோடு சொன்னார். “அண்ணே, எனக்கு விழுந்தா இந்த ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்குவேன். எல்லாரும் என்கிட்ட வந்து என்னென்னமோ சொல்றாங்க. பாதிப் பேர் முகத்தை நான் சரியாப் பார்த்ததே இல்லை.”

சாவிக்காரர் அவரையே பார்த்தார். “அட லூசு, இதுக்கு எதுக்கு லாட்டரி?”

ரம்பத்தையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு அப்போதே வந்துவிட்டார். முதலாளி ஓடிவந்து பலகை என்னுடையது என்றார். “பலகை உங்களோடது, கூலி என்னோடது, தள்ளி நில்லுங்க” என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டுச் சாவிக்காரர் அறுக்க ஆரம்பித்தார். சந்தை நிரம்புவதற்குள் வேலை முடிந்தது. ஓரங்களில் சிலாம்பு குத்தாமல் அரத்தால் தேய்த்தும் கொடுத்தார். ஓட்டை இப்போது ஜன்னலாகிவிட்டது.

முதலில் வந்தவர் கண்ணாடி துடைப்பவர். பழக்கதோஷம், வந்ததும் இடுப்பை மடித்துக் குனிந்தார். அவருக்கு நெற்றியில் ஒரு பழைய தழும்பு இருப்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. சீட்டைக் கிழித்து நீட்டி முனையைப் பிடித்துக்கொண்டார்.

“இனிமே குனிய வேணாம்ங்க” என்றார் அக்கா. “நிமிர்ந்து நின்னு சொல்லுங்க. விழுந்தா என்ன செய்வீங்க?”